ஐபி பிளாக்லிஸ்ட்டில் இருப்பதால் மெயில் திரும்பி வருகிறது, உதவி தேவை

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு 22.04, போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர் மென்பொருள்), ஸ்டேட்டிக் (மாறாத) ஐபியுடன் ஃபைபர் இணைப்பு. தீபாவளி விடுமுறை முடிந்து கம்பெனி திறந்ததிலிருந்து ஜெர்மனி பையர்களுக்கு அனுப்பும் மெயில் எல்லாம் 554 5.7.1 (ஏற்க மறுப்பு) என்று திரும்புகிறது. உள்ளே வரும் மெயிலில் பிரச்சினை இல்லை.

பவுன்ஸ் செய்தியில் ஸ்பேம்ஹவுஸ் எஸ்பிஎல் (ஸ்பேமோடு தொடர்புடைய ஐபிகளின் பிளாக்லிஸ்ட்) என்று இருக்கிறது. தேடிப் பார்த்தால் எங்கள் ஐபி மட்டுமல்ல, அந்த /24 தொகுதியின் 256 முகவரிகளும் பட்டியலில் இருக்கின்றன. எங்கள் லாக், கியூ முழுக்கப் பார்த்துவிட்டேன். இங்கிருந்து ஸ்பேம் எதுவும் போகவில்லை, ஓப்பன் ரிலேயும் (வெளியாள் யாரும் நம் சர்வர் வழியாக மெயில் அனுப்பக்கூடிய நிலை) இல்லை. மெயில் எங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் பாஸ். பிடிஆர் (ஐபிக்கு உரிய பெயரைக் காட்டும் டிஎன்எஸ் பதிவு) ஹோஸ்ட்நேமோடு பொருந்துகிறது.

எஸ்பிஎல்லிலிருந்து நீக்க இணைய நிறுவனம்தான் கேட்க வேண்டும், நாங்கள் கேட்க முடியாது. அவர்களோ "லைன் சரியாக இருக்கிறது" என்று டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். வேறு ஐபி கேட்டால் அதே தொகுதியிலிருந்து இன்னொன்றைத் தருகிறார்கள். எங்கள் பகுதிக்கு வேறு ஃபைபர் இன்னும் வரவில்லை.

சாம்பிள் அப்ரூவல், ஷிப்பிங் டாக்குமெண்ட் எல்லாம் மெயிலில்தான். இப்போது மெர்சண்டைசர்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்புகிறார்கள். போலி மெயிலில் வங்கிக் கணக்கை மாற்றிப் பணத்தைத் திருப்பும் மோசடி நடக்கிற காலத்தில், இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

சர்வரை இங்கேயே வைத்துக்கொண்டு, வெளியே போகும் மெயிலை மட்டும் 587 போர்ட்டில் ஒரு ரிலே (நம் மெயிலை வாங்கித் தன் ஐபியிலிருந்து அனுப்பும் சேவை) வழியாக அனுப்ப நினைக்கிறேன். தினம் சுமார் 400 மெயில், நிறையப் பெரிய பிடிஎஃப்கள். இந்த அளவுக்கு நீங்களே பயன்படுத்திப் பார்த்து நம்பும் ரிலே சேவை எது?