சோலார் பேனலில் உப்புக்கறை, யூனிட் குறைகிறது: என்ன செய்யலாம்?

வணக்கம். தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடியில் 2019-ல் 3 கிலோவாட் சோலார் போட்டோம். பேட்டரி கிடையாது, நெட் மீட்டர்தான் (மிஞ்சும் கரண்ட் மின்வாரியத்துக்குப் போய் பில்லில் கழியும்). நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 12, 13 யூனிட் வரும். இப்போது 9-ஐத் தாண்டவில்லை. பேனல் பழசானால் வருடத்துக்கு அரை, முக்கால் சதவீதம் குறையலாம், சரி. இவ்வளவு குறையுமா?

எனக்கு என் மேலேயே சந்தேகம். இத்தனை வருடமும் போர் தண்ணீரில்தான் கழுவினேன். எங்கள் ஊர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வெள்ளைக்கறை கெட்டியாகப் படிந்துவிட்டது, துணியால் தேய்த்தாலும் போகவில்லை. வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைக்கலாமா? அலுமினியச் சட்டத்தையும் ரப்பரையும் அது அரித்துவிடுமோ என்று பயம். ஆசிட் பக்கம் போகவே மாட்டேன்.

அப்புறம், பக்கத்து வீட்டுத் தென்னை வளர்ந்து மூன்று மணிக்கு மேல் ஒரு பேனலில் நிழல் விழுகிறது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் (சீரீஸ்) இணைத்தது, அதனால் ஒன்றில் விழும் நிழல் மற்றவற்றையும் பாதிக்கலாம். அந்த ஒன்றுக்கு மட்டும் ஆப்டிமைசர் (ஒரு பேனலின் நிழல் மற்றவற்றை இழுக்காமல் பார்த்துக்கொள்ளும் சின்னக் கருவி) போட்டால் பலன் உண்டா? மாட்டிக் கொடுத்தவர் போனையே எடுப்பதில்லை. கடலோர ஊர்க்காரர்கள் யாராவது செய்து பார்த்ததைச் சொல்லுங்களேன்.