கடும் குளிரில் கியர் விழவில்லை, எந்த சிந்தடிக் ஆயில் போடலாம்? அவசரம்

லோடுக்காரன்:
அண்ணன்மாரே, அவசரம். காலையில் லாரியை எடுத்தால் கியர் விழ மாட்டேன் என்கிறது, லீவரை இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருக்கிறது, அதையும் மீறிப் போட்டால் வண்டி நகராமல் திணறுகிறது. கொஞ்ச தூரம் ஓடியபின் சரியாகிவிடும். குளிர் ரொம்ப அதிகம். சிந்தடிக் கியர் ஆயிலுக்கு மாறலாம் என்று இருக்கிறேன், எது நல்லது? நாளைக்கு ஆயில் மாற்ற ஆள் வருகிறார், அதற்குள் சொல்லுங்கள்.

பல்சக்கரம்:
குளிர் எத்தனை டிகிரி? இப்போது உள்ளே இருக்கிற ஆயில் என்ன? கியர் பாக்ஸில் மாற்றப் போகிறீர்களா, டிஃபரன்ஷியலிலா (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற ஆக்சில் கியர்)? கியர் பாக்ஸ் சிங்க்ரோ (வேகத்தைச் சமப்படுத்திக் கியர் விழ உதவுகிற வளையம்) உள்ளதா, இல்லாததா? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

காற்றுக்குழாய்:
ஆயில் இல்லை, ஏர். பெரிய வண்டியில் ரேஞ்சும் (ஹை, லோ மாற்றுவது) ஸ்பிளிட்டரும் (ஒவ்வொரு கியரையும் இரண்டாகப் பிரிப்பது) காற்றழுத்தத்தில்தான் மாறும். காற்றின் ஈரத்தை எடுக்கிற ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜ் போயிருந்தால் ஈரம் குழாய்க்குள் போய் உறைந்துவிடும். ஏர் டேங்கைத் திறந்துவிட்டுப் பாருங்கள், தண்ணீர் வந்தால் நான் சொன்னதுதான். நகராமல் திணறுவதும் பிரேக் ஷூ டிரம்மோடு உறைந்து ஒட்டியதால் இருக்கலாம்.

பல்சக்கரம்:
ஷூ ஒட்டியிருந்தால் பட்டென்று விட்டுவிடும், அப்புறம் வண்டி தாராளமாக ஓடும். ஏர் கோளாறு என்றால் ஹை, லோ மாறாது, லீவர் கனக்காது. இவர் லீவரே கனக்கிறது, ஓட ஓட இளகுகிறது என்கிறார்.

காற்றுக்குழாய்:
டேங்கைத் திறந்து பார்ப்பதற்குக் காசா பணமா? பார்க்கட்டுமே.

பழையபட்டறை:
குளிர் வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். தம்பி, வண்டியோடு ஒரு புத்தகம் கொடுத்திருப்பார்கள், அதில் எந்த வெப்பநிலைக்கு எந்த கிரேடு என்று அட்டவணையே இருக்கும். புத்தகம் இல்லை என்றால் கியர் பாக்ஸ் மேல் தகடு ஒட்டியிருக்கும், அதையாவது துடைத்துப் பார்த்தீர்களா? படிக்கச் சோம்பல், கேட்கச் சுறுசுறுப்பு.

நடுநிசிடீசல்:
நாங்கள் அந்தக் காலத்தில் டிஃபரன்ஷியல் கிரவுனில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கிவிடுவோம். சிந்தடிக்காவது ஒன்றாவது.

பினியன்பித்தன்:
மண்ணெண்ணெய் கலந்தால் காலையில் இளகும், உண்மைதான், அப்புறம் லோடு ஏற்றி மலை ஏறும்போது ஆயில் சூடாகிப் பல்லுக்கு நடுவில் படலமே நிற்காது. தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். ஆக்சிலுக்கு அடியில் தீ மூட்டுவதையும் சேர்த்தே சொல்கிறேன், சீல் கருகும், ஆயில் கருகும், பக்கத்தில் பிரேக் ஹோஸ் வேறு போகிறது.

லோடுக்காரன், டப்பாவில் சிந்தடிக் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்க்காமல் டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண்ணைப் பாருங்கள். கியர் ஆயிலைத் தரம் பிரிக்கிற எஸ்ஏஇ ஜே306 கணக்குப்படி ஆயிலின் பிசுப்பு 1,50,000 சென்டிபாய்ஸைத் தாண்டாமல் எந்தக் குளிர் வரை நிற்கிறதோ அதை வைத்துத்தான் அந்த எண் கொடுக்கிறார்கள்: 85டபிள்யூ மைனஸ் 12 வரை, 80டபிள்யூ மைனஸ் 26 வரை, 75டபிள்யூ மைனஸ் 40 வரை, 70டபிள்யூ மைனஸ் 55 வரை. அந்த எல்லையைத் தாண்டினால் கிரவுன் வீல் சுற்றும்போது ஆயிலில் வாய்க்கால் மாதிரி பள்ளம் விழும், பக்கத்தில் இருக்கிற ஆயில் வந்து அதை நிரப்பாது, அதைச் சுழற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனின் பேரிங் வறண்டு சுற்றும். வண்டி திணறுவது கண்ணுக்குத் தெரிகிறது, பேரிங் தேய்வது தெரியாது.

போர் பாயின்ட் மைனஸ் 45 என்று எழுதியிருந்தால் அதையும் நம்பி ஏமாறாதீர்கள். குளிர வைத்த சாடியைச் சாய்த்தால் ஆயில் அசைகிறதா என்று பார்க்கிற சோதனை அது. அசைவது வேறு, பேரிங்குக்குள் போய்ச் சேருவது வேறு.

லோடுக்காரன்:
மைனஸ் 30ஐத் தாண்டுகிறது, சில நாள் மைனஸ் 36. பத்து கியர், சிங்க்ரோ இல்லாத பாக்ஸ். இரண்டிலும் 80டபிள்யூ-90, ஜிஎல்-5 என்று முன்னால் வைத்திருந்தவர் சொன்னார். ஏர் டேங்கில் தண்ணீர் இல்லை.

பினியன்பித்தன்:
விடை கிடைத்துவிட்டது. 80டபிள்யூ ஆயில் அதன் எல்லைக்குக் கீழே பத்து டிகிரியில் கிடக்கிறது, லீவர் எப்படி நகரும்?

மஞ்சள்உலோகம்:
கியர் பாக்ஸில் ஜிஎல்-5ஆ? அது அதிக அழுத்தம் தாங்குகிற ஆக்சில் ஆயில் தரம், அதில் இருக்கிற கந்தகம் பித்தளையைத் தின்றுவிடும், சிங்க்ரோ ரிங் எல்லாம் காலி.

பழையபட்டறை:
இந்தக் கதை எத்தனை வருடமாக ஓடுகிறது. இப்போதைய ஜிஎல்-5 ஆயில்களுக்குச் செம்புத் துண்டுச் சோதனை உண்டு, 121 டிகிரியில் 3 மணி நேரம். அதில் தேறித்தான் வெளியே வருகிறது.

மஞ்சள்உலோகம்:
தேறுவது எந்த மதிப்பெண்ணில் என்றும் சொல்லுங்கள். 3 வரை அனுமதி, அதாவது துண்டு நன்றாகக் கருத்தாலும் பாஸ். 3 மணி நேரத்தில் கருக்கிறது என்றால் வருடக்கணக்கில் ஊறினால்? அரிப்பை விட்டாலும், ஜிஎல்-5இன் வழுக்கலில் சிங்க்ரோ பிடிக்காமல் கரகரக்கும், அது தனிக் கதை.

பழையபட்டறை:
நான் பிரித்துப் பார்த்த பாக்ஸ்களில் பித்தளை போனதற்குக் காரணம் டிரைவரின் கை. ஆயில் இல்லை.

மஞ்சள்உலோகம்:
பிரித்துப் பார்த்தேன் என்றால் எல்லாம் தெரிந்துவிடுமா?

பல்சக்கரம்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் பாக்ஸில் சிங்க்ரோவே கிடையாது.

லோடுக்காரன், இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். டிஃபரன்ஷியல் ஹைப்பாய்டு கியர், பல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடும், அதற்கு ஜிஎல்-5 கட்டாயம், எனவே 75டபிள்யூ-90 ஃபுல் சிந்தடிக், அதிலும் பிஏஓ (பாலிஆல்ஃபாஓலிஃபின் என்கிற செயற்கை எண்ணெய்) அடிப்படை என்றால் நல்லது. மினரல் ஆயிலில் இருக்கிற மெழுகு குளிரில் படிகமாகும், பிஏஓவில் மெழுகே இல்லை. ஆக்சில் தகட்டில் 75டபிள்யூ-140 என்று இருந்தால் அதையே போடுங்கள், பின்னால் வருகிற எண் சூட்டில் ஆயிலின் கெட்டியைச் சொல்வது, லோடுக்காக அந்த 140ஐக் கேட்டிருப்பார்கள். கியர் பாக்ஸ் வேறு. சிங்க்ரோ இல்லாத ஹெவி பாக்ஸ்களுக்குப் பல கம்பெனிகள் ஜிஎல்-5 கேட்பதில்லை, சிந்தடிக் எஸ்ஏஇ 50 டிரான்ஸ்மிஷன் ஆயில் கேட்பார்கள். 50 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது என்ஜின் ஆயில் அளவுகோல், கியர் அளவுகோலில் கிட்டத்தட்ட 90தான்.

பழைய ஆயிலை வண்டி ஓடிச் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். குளிர்ந்தபின் திறந்தால் பாதி உள்ளேயே ஒட்டிக்கொண்டு புது ஆயிலையும் கெடுக்கும். காற்றுப் போக்கியான பிரீதரையும் பாருங்கள், பனி அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியாக ஆயில் கசியும்.

நடுநிசிடீசல்:
பழைய வண்டிக்கு சிந்தடிக் போட்டால் சீல் ஒழுகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பினியன்பித்தன்:
ஏற்கனவே வெடித்த சீல் என்றால் ஒழுகும். கெட்டி ஆயில் அதை மறைத்துக்கொண்டிருந்திருக்கும், அவ்வளவுதான். சீலை மாற்றுங்கள்.

லோடுக்காரன்:
தகட்டைத் துடைத்துப் பார்த்தேன், பாக்ஸுக்கு சிந்தடிக் 50 என்றே இருக்கிறது, ஆக்சிலுக்கு 75டபிள்யூ-90. ஆக்சிலில் மாற்றியாகிவிட்டது, வண்டி இப்போது திணறாமல் நகர்கிறது. 50 இன்னும் வரவில்லை, லீவர் காலையில் அதே கனம்தான். நன்றி.

பல்சக்கரம்:
அது வரும்வரை காலையில் நியூட்ரலில் போட்டு, கிளட்ச்சை மிதிக்காமல் என்ஜினைக் கொஞ்சம் ஓடவிடுங்கள், உள்ளே கவுன்டர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸின் துணைத் தண்டு) சுற்றி ஆயிலைக் கலக்கிவிடும். ஆக்சில் அப்படிச் சூடாகாது, அதற்கு முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுவதுதான் வழி.

மஞ்சள்உலோகம்:
பழையபட்டறை, நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.