அட்டை பறந்த வீடு, ஓடு சரிஞ்ச வீடு: சர்வேயர் வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு?

உடுமலைக் காத்து

காத்துல கூரை போன வீட்டைப் பாக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புன சர்வேயர், ஏணியில ஏறுனதும் பறந்து போன கூரை அட்டையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலைங்க. மிஞ்சி நின்ன அட்டையைச் சட்டத்தோட பிடிச்சிருந்த ஜே போல்ட்டை நகத்தால சுரண்டிப் பார்த்தார். செதில் செதிலா துரு உதிர்ந்துச்சு. "பராமரிப்புக் குறை"ன்னு நோட்டுல எழுதிக்கிட்டார், அப்படின்னா கிளைம் கிடைக்காது. உடுமலைக்குத் தெக்கால ஒரு வீடு. 3 மீட்டர் சிமெண்ட் அட்டை 14 போட்டிருந்ததுல 9 போயிருந்துச்சு. ஆடிக்காத்து இந்தப் பக்கம் எப்படி அடிக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் உறுத்தறது இதுதான். அந்த 9 அட்டையைப் பிடிச்சிருந்த போல்ட்டுக வாசல்லயே விழுந்து கிடந்துச்சு. அதையெல்லாம் மொதல் நாளே கூட்டி அள்ளிப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டாச்சு. அறுந்த வாயைப் பார்த்தாலே விஷயம் தெரிஞ்சிருக்கும். காத்து இழுத்து அறுத்த போல்ட்டுல முறிஞ்ச இடம் வெள்ளி மாதிரி பளிச்சுன்னு இருக்கும். துருவுல மெலிஞ்சு அறுந்திருந்தா சுத்தியும் காவி நெறமா இருந்து நடுவுல மட்டும் பளபளக்கும். பளிச்சுன்னு இருந்தது ஒரு நாலஞ்சாவது கையில இருந்திருந்தா பேச ஒரு பிடி இருந்திருக்கும்.

துரு ஏன் வருதுன்னா போல்ட்டுக்கு அடியில போடற தார் வாஷர்தான் காரணம். வெயில்ல காஞ்சு வெடிச்சுப் போகும். அந்த வழியா தண்ணி எறங்கி 8 மி.மீ. போல்ட்டோட கழுத்தைத் தின்னுரும். வாஷரை மாத்துன பில் ஒண்ணு இருந்தாக்கூட சர்வேயர் வாயை அடைச்சிரலாம். இன்னொண்ணு, போல்ட்டுக்கு ஓட்டையை அட்டையோட மேட்டுல போடணும், பள்ளத்துல போடக் கூடாது. ஆணியை வெச்சு அடிச்சு ஓட்டை போட்டா அன்னைக்கே கீறல் உழுந்துரும். ட்ரில் வெச்சு 10 மி.மீ.-க்குப் போட்டு, முறுக்கறதையும் அளவா முறுக்கணும்.

வில்லை வீடு, காங்கேயம்

துரு இருந்தா கிளைம் கிடைக்காதுன்னு மேல எழுதுனதைப் படிச்சுட்டு யாரும் அடங்கிராதீங்க. வீட்டுக்கு இப்ப எல்லாக் கம்பெனியும் விக்கறது பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி, 2021 ஏப்ரல் 1-லிருந்து இருக்குது. அதுல புயல், சூறாவளி, வெள்ளம்னு ஆபத்துகளைப் பேர் சொல்லிப் போட்டிருக்கு. சேதமானப்ப வீடு என்ன நிலைமையில இருந்துச்சோ, பெரும்பாலும் அதே நிலைமைக்குக் கொண்டுவர ஆகற செலவைத் தரணும்ங்கறதுதான் வாசகம். அட்டையைக் கெளப்புனது காத்து. போல்ட் பழசுன்னா போல்ட்டோட கணக்குல கொறைக்கட்டும். அட்டைக்கு எதுக்குக் கையை வெக்கறாங்க? எழுத்துல கேளுங்க.

ஓட்டு வீட்டுச் சங்கதி வேற. சென்னிமலைப் பக்கம் ஒரு வில்லை வீட்டுல சர்வேயர் உடைஞ்ச ஓட்டை எண்ணி 212-ன்னு எழுதினார். கொத்துக்காரர் ஒண்ணுமே பேசலை. புதுச் சீமை ஓடு ஒண்ணையும் கூரையிலிருந்து எறக்குன பழைய ஓடு ஒண்ணையும் ஆசாரத்துத் தரையில வெச்சு ஒண்ணோட ஒண்ணு கோத்துக் காட்டினார். நடுவுல சுண்டுவிரல் போற சந்து. ஒரு சூளையோட அச்சும் இன்னொரு சூளையோட அச்சும் சேராது. பக்கம் ரெண்டும் கவ்வாட்டி அடுத்த மழையில தண்ணி நேரா ஓட்டைத் தாங்கற ரீப்பர் கட்டை மேலதான் எறங்கும். அதனால 212 மாத்தறதுன்னா அந்தச் சரிவு முழுசையும் மாத்தியே ஆகணும். வாயால சொல்லி விட்டுட்டா அறிக்கையில 212-தான் நிக்கும். கொத்துக்காரர் எஸ்டிமேட்டுலயே இந்தக் காரணத்தை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடணும்.

கணக்குக்கு: நூறு சதுர அடிக்கு ஏறக்கொறைய 140 ஓடு. அளக்க வேண்டியது சரிவை, தரையை இல்லை. தரை அளவை வெச்சுப் போட்ட எஸ்டிமேட் எப்பவும் பத்தாம போகும். முகட்டு ஓடு, அதுக்குச் சுண்ணாம்போ சிமெண்ட்டோ, உளுத்துப் போகாம முறிஞ்ச ரீப்பர், கைமரம் எல்லாம் தனித்தனி வரியா வரட்டும். புதுசா உடைஞ்ச ஓட்டுல முறிஞ்ச பக்கம் செங்கல் செவப்பா இருக்கும். பழைய உடைசல்ல கறுப்புப் படிஞ்சு பாசி பிடிச்சிருக்கும். போட்டோவை அந்தப் பக்கமா எடுங்க.

ஆழியாத்தங்கரை

ஆனைமலைப் பக்கம் பாதிச் சேதம் தென்னையாலதான். பாலிசியில மோதல் சேதம்னு ஒரு ஆபத்து இருக்குதுங்க. வெளியிலிருந்து வந்து மோதற பொருள், அதுல விழற மரமும் சேர்த்தி. இப்படி எழுதிக் குடுத்தா காத்து எத்தனை கிலோமீட்டர் வேகம்ங்கற பேச்சே வராது. கூரையை நொறுக்குனது மரம், அவ்வளவுதான்.

ஆனா இங்க ஒரு வீட்டுல நடந்தது கேளுங்க. விடியறதுக்குள்ள மெஷின் வெச்சு மரத்தைத் துண்டு போட்டு ரோட்டோரம் அடுக்கியாச்சு. சர்வேயர் வந்தப்பக் கூரையில ஓட்டை இருக்குது, மரம் இல்லை. "எந்த மரம், எங்க நின்னுச்சு?"ன்னு கேட்டப்ப யாருக்கும் பதில் வரலை. வேரோட பேந்த குழியைக் காட்டுனதுக்கு அப்புறம்தான் எழுதவே ஆரம்பிச்சார். மரம் கூரை மேல சாஞ்சு கிடக்கறப்பவே நாலு மூலையிலிருந்தும் போட்டோ எடுக்கணும். குழியிலிருந்து கூரை வரைக்கும் ஒரே வீடியோ. அதுக்கு அப்புறம் வெட்டுங்க.

இடிபாடு அள்ளற செலவுக்குக் கிளைம் தொகையில 2 சதவீதம்தான். 1,50,000 ரூபாய் கிளைம்னா 3,000. மரம் அறுக்கற கூலிக்கே அது காணாது, அதை நம்பி எறங்காதீங்க. ஒண்ணு ஆறுதல், மொட்டை மாடியிலயோ கூரையிலயோ இருக்கற சோலார் பேனல், தண்ணித் தொட்டி, சுத்துச்சுவர் எல்லாம் கட்டடத்தோட சேர்ந்ததுதான், பாலிசியிலயே அப்படித்தான் போட்டிருக்கு. வெளிக்கட்டடம்னா குடியிருக்கறதா இருக்கணும். மாட்டுச்சாளைக்குக் கேட்டா வராதுங்க.

கோபி மடைவாய்

எல்லாரும் சர்வேயரைப் பத்தியே பேசறீங்க, அவருக்கு முன்னாடி பண்ண வேண்டியதை யாரும் சொல்லலை. அந்தியூர்ப் பக்கம் ஒரு வீட்டுல ஏஜென்ட்டுகிட்டப் போன்ல சொன்னதோட சரி, இருபது நாள் காத்திருந்தாங்க. கம்பெனியில கிளைம் பதிவே ஆகலை.

அதனால கேளுங்க. மொதல்ல கம்பெனியோட இலவச எண்ணுல கூப்பிட்டுக் கிளைம் நம்பர் வாங்குங்க. அன்னைக்கே அதே விஷயத்தை ஈமெயில்லயும் போடுங்க: பாலிசி எண், தேதி, நேரம், என்ன ஆபத்து, எந்தப் பகுதி சேதம், உத்தேசத் தொகை. இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தற ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யோட 2024 சுற்றறிக்கைப்படி சொன்ன 24 மணி நேரத்துக்குள்ள சர்வேயரைப் போடணும், அவர் 15 நாள்ல அறிக்கை தரணும், அறிக்கை வந்து 7 நாள்ல கம்பெனி முடிவு சொல்லணும். கடிகாரம் ஓட ஆரம்பிக்கறது நீங்க சொன்னது பதிவான நேரத்துலிருந்து. ஏஜென்ட்டுகிட்டச் சொன்னது பதிவு இல்லை.

மழை பேஞ்சுக்கிட்டே இருந்தா சர்வேயருக்காகக் கூரையைத் தொறந்து போட்டு வெக்க வேண்டாம். போட்டோ எடுத்துட்டுத் தார்ப்பாய் கட்டுங்க. சேதம் பெருகாம பாத்துக்கறது உங்க பொறுப்பு. தார்ப்பாய், கயிறு, கூலிக்கு பில் வெச்சுக்குங்க. புது ஓடு ஏத்தறதை மட்டும் அவர் பாக்கற வரைக்கும் நிறுத்துங்க. உடைஞ்சதை ஒரு மூலையில குவிச்சு வெய்யுங்க, யாருக்கும் குடுத்துராதீங்க.

காத்து அடிச்சதுக்கு ஆதாரம்: கிராம நிர்வாக அலுவலர் தாசில்தாருக்கு அனுப்பற சேத அறிக்கையோட நகல், அன்னைக்கு அந்த லைன்ல கரண்ட் போன விவரம், அடுத்த நாள் பேப்பர்ல வந்த செய்தி. அக்கம்பக்கத்துக் கூரைகளையும் ரெண்டு போட்டோ எடுங்க. உங்க வீடு மட்டும் போயிருந்தாத்தான் சந்தேகம் வரும்.

பேங்குல கடன் இருந்தா பாலிசியில பேங்கு பேரும் இருக்கும். பணம் கடன் கணக்குக்கே போயிரும். ரிப்பேர் செலவுக்கு உங்க கையில வரணும்னா பேங்குகிட்ட மொதல்லயே ஆட்சேபணை இல்லைன்னு கடிதம் வாங்கணும். பாலிசியில இருக்கற கதவு எண்ணும் வீட்டு வரி ரசீதுல இருக்கறதும் ஒண்ணுதானான்னும் பாருங்க.

அட்டைக்குப் பதிலா கலர் ஷீட் போட்டா தப்பில்லை, ஆனா அட்டை விலைக்குத்தான் பணம் வரும். பாலிசி எடுத்ததுக்கு அப்புறம் ஒரு ரூம் சேர்த்து எறக்கியிருந்தா கவனிங்க: உள் அளவு 10 சதவீதத்துக்கு மேல கூடி, அதைச் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டாம இருந்தா அந்தப் புதுப் பகுதிக்கு ஒண்ணும் வராது. தொகை முடிவானதும் ஒரு ரசீது நீட்டுவாங்க, "முழுத் திருப்தியுடன்"னு. தொகை பத்தாட்டி ஆட்சேபணையோட வாங்கறதா எழுதிக் கையெழுத்துப் போடுங்க, சர்வே அறிக்கை நகலையும் கேட்டு வாங்குங்க. கம்பெனிக்குப் புகார் குடுத்து ஒரு மாசம் பதில் இல்லைன்னாலோ, மறுத்தாலோ ஓராண்டுக்குள்ள சென்னையில இருக்கற இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) எழுதலாம். 50 லட்சம் வரைக்கும் விசாரிப்பாங்க. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

தறிச்சத்தம், சோமனூர்

மேல சொன்னது எல்லாம் குடியிருக்கற வீட்டுக்குங்க. நம்ம பக்கம் முன்னாடி வீடு, பின்னாடி தறி, மேல ஒரே கூரை. அப்படி ஒரு வீட்டுல சர்வேயர் தறிக்கூடத்து வாசப்படியிலயே நின்னுட்டார். "இதுல கரண்ட் எந்த மீட்டர்?"ன்னு ஒரே கேள்வி. தறி மீட்டர்னு சொன்னதும் டேப்பை எடுத்துக் கூரையை ரெண்டாப் பிரிச்சு அளந்தார். வீட்டுப் பாலிசி வீட்டுப் பக்கத்தோட நின்னு போச்சு.

தறிப் பக்கத்துக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷான்னு தனிப் பாலிசி, 5 கோடி மதிப்பு வரைக்கும். வீட்டுப் பாலிசியில மதிப்பைவிடக் கொறைச்சு இன்சூர் பண்ணியிருந்தாலும் கிளைம் தொகையை வெட்ட மாட்டாங்க. இதுல வெட்டுவாங்க. 15 சதவீதக் குறைவு வரைக்கும் விட்டுருவாங்க. கட்டடமும் தறியும் 40 லட்சம் பெறும்னா 34 லட்சத்துக்கு எடுத்திருந்தாப் போதும். 30 லட்சத்துக்கு எடுத்திருந்தா 1 லட்சம் சேதத்துக்கு 75,000-தான் கைக்கு வரும்.

உடுமலைக் காத்து

காங்கேயத்துக்காரர் சொன்ன வாசகத்தைப் பாலிசியில தேடிப் பார்த்தாச்சுங்க, இருக்குது. போல்ட்டுக்கு மட்டும் கழிச்சுக்கிட்டு அட்டைக்குக் குடுங்கன்னு கடிதம் எழுதற வேலை நடக்குது. கொத்துக்காரர் காட்டுன மாதிரி ஓடு கோத்துக் காட்டறதை வீடியோ எடுத்தா ஏத்துக்குவாங்களா?

வில்லை வீடு, காங்கேயம்

ஏத்துக்குவாங்க. ஓடு ரெண்டையும் திருப்பி, அடிப்பக்கத்துல இருக்கற சூளை முத்திரை தெரியற மாதிரி எடுக்கச் சொல்லுங்க. பேர் ரெண்டும் வேற வேறன்னு அதுலயே தெரிஞ்சிரும்.