விமானப்படை வாரண்ட் ஆபிசர் கையெழுத்துக்கு வெளியே மதிப்பு கிடையாதா?

சூலூர்_வாரண்ட்: நேற்று இன்னொரு இழையில் என்னைப் போன்ற வாரண்ட் ஆபிசரைப் பற்றி பி1_தம்பி எழுதியது: “விமானப்படையில் 20 வருஷம் ஹேங்கரையே நடத்தியிருந்தாலும் வெளியே அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை.” படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. என் ஷிப்டில், விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700-இல் நான் கையெழுத்து போடாமல் ஒரு ஏஎன்-32 போக்குவரத்து விமானம் கிளம்பியதில்லை.

பி1_தம்பி: சார், அது படைக்குள்ளே. பராமரிப்பு முடிந்த பயணிகள் விமானத்தைக் கையெழுத்திட்டுச் சர்வீசுக்கு விட, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தரும் லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸுக்கான விதியான சிஏஆர்-66 படை அனுபவத்தை ஒதுக்கவில்லை, அதோடு சிவில் விமான அனுபவமும் காட்டச் சொல்கிறது. மாட்யூல் என்று பாடவாரியாகப் பரீட்சைகள் இருக்கின்றன. ஏ320 விமானத்துக்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த ரகத்துக்கான தகுதி, தனி.

சூலூர்_வாரண்ட்: பரீட்சையைப் பற்றி யார் கேட்டது? கையெழுத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரு ராத்திரி டூல் எண்ணும்போது ஒரு ஸ்பேனர் குறைந்தது. காலையில் விமானம் போயே ஆக வேண்டும் என்று மேலிருந்து நெருக்கினார்கள். இடது இஞ்சினின் மூடியான கவுலிங்கைத் திறந்து, ஒரு பைப்புக்குப் பின்னால் சொருகிக் கிடந்ததை எடுத்த பிறகுதான் பேனாவைத் தொட்டேன். அந்தக் கையெழுத்துக்கா மதிப்பில்லை?

நங்கநல்லூர்_அக்கா: என் வீட்டுக்காரரும் விமானப்படைதான். லைசென்ஸ் இல்லாமலே பராமரிப்புத் திட்டமிடலில் சேர்ந்தார், இப்போது தர ஆய்வில் இருக்கிறார். ஆள், நேரம், உதிரிபாகம் மூன்றையும் கட்டி மேய்த்த அனுபவத்துக்கு அங்கே இடம் உண்டு அண்ணா.

சூலூர்_வாரண்ட்: மேஜை வேலை எனக்கு எதற்கு அம்மா? நான் ஹேங்கர் தரையில் நின்றவன்.

பி1_தம்பி: அக்கா நல்ல வழி சொன்னால் அதையும் தட்டுகிறீர்கள். எங்கள் ஹேங்கருக்கும் ஒரு முன்னாள் வாரண்ட் வந்தார். முதல் வாரமே எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னார்!

சூலூர்_வாரண்ட்: நின்றால் என்ன குறைந்துவிடும்? விமானப் பராமரிப்பு சொல்லித் தரும் ஏஎம்இ கல்லூரிக்குப் பணம் கட்டிப் படித்துவிட்டால் பெரியவர்களை இப்படித்தான் பேசுவதா?

பி1_தம்பி: எங்கள் அப்பா நிலத்தை விற்றுக் கட்டிய பணம் சார் அது. உங்களுக்குச் சம்பளம் கொடுத்துச் சொல்லித் தந்தார்கள், இப்போது பென்ஷனும் வருகிறது. எங்களுக்கு யார் தந்தார்கள்?

தாம்பரம்_டெக்: பென்ஷனை ஏன் இழுக்கிறீர்கள்? தாம்பரத்தில் விமானப்படைப் பயிற்சி எடுத்துப் பார்த்தால் தெரியும். ஆனாலும் வாரண்ட் சார், மாட்யூல் 10 விமானச் சட்டம் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் ராத்திரி உட்கார்ந்து படிக்கிறேன்.

சூலூர்_வாரண்ட்: நீயும் அந்தப் பக்கமா? சட்டம் படிக்க மாட்டேன் என்று நான் எங்கே சொன்னேன்? மதிப்பில்லை என்ற வார்த்தையைத்தான் கேட்கிறேன்.

பி1_தம்பி: செல்லாது என்ற பொருளில் எழுதினேன்.

சூலூர்_வாரண்ட்: செல்லாது வேறு, மதிப்பில்லை வேறு. அந்த வரியை எடுங்கள்.

பி1_தம்பி: எடுக்க மாட்டேன் சார். லைசென்ஸோடு வாருங்கள், பேசுவோம்.

சூலூர்_வாரண்ட்: லைசென்ஸும் வாங்குவேன். அன்றைக்கும் இதையேதான் கேட்பேன். வரியை எடுங்கள்.