ஆறேகால் அடி ஆளு, 118 கிலோ: கிளாசிக் மாடல் வண்டில எது தோதுப்படுமுங்க?

கோபிக்காரன்:

வணக்கமுங்க எல்லாத்துக்கும். நமக்கு கோபிப் பக்கமுங்க, வேலை பெருந்துறை சிப்காட்டுல, மழையோ வெயிலோ தினமும் வண்டிலதான் போய்ட்டு வரணும். ஒசரம் ஆறேகால் அடி, எடை 118 கிலோ. இப்ப வெச்சிருக்கறது ஒரு 125 சிசி வண்டிங்க, உக்காந்தா முட்டி ரெண்டும் ஹேண்டில்கிட்ட வந்து நிக்குது, யூ டர்ன் அடிக்கறப்ப ஹேண்டிலு முட்டில இடிக்குது, வூட்டுக்காரம்மாவும் ஏறிட்டா ஸ்பீடு பிரேக்கர்ல பின் ஷாக் கடைசி வரைக்கும் அமுங்கி நங்குன்னு ஒரு இடி, அது நேரா நடு முதுகுல ஏறுது. பொழுதோட வூடு வந்து சேர்றப்ப இடுப்பு கழண்டு போகுதுங்க. மாமனார் வூடு தாளவாடி, அதனால நல்லது கெட்டதுன்னா திம்பம் மலை 27 கொண்டை ஊசி வளைவும் ரெண்டு பேருமா ஏறியாகணும்.

ஆன்ரோடு ரெண்டே முக்கால் லட்சத்துக்குள்ள பாக்கறனுங்க. வேகமெல்லாம் வேண்டாம், 80ல நிம்மதியா போனா போதும். உருண்டை ஹெட்லைட்டு, ரெண்டு பக்கமும் ஷாக்கு, அந்தக் காலத்து அமைப்புதான் நமக்குப் புடிக்கும். ராயல் என்ஃபீல்டுல கிளாசிக் 350, மீட்டியார் 350, அப்பறம் ஹோண்டா ஹைனஸ் சிபி350 மூணும் மனசுல இருக்குது. உன்ற உருவத்துக்கு புல்லட்டுதான்டான்னு ஊருல எல்லாரும் சொல்றாங்க, ஆனா பாக்கறதுக்கு எடுப்பா இருக்கறது வேற, மணிக்கணக்கா உக்காந்து போறது வேறயாச்சுங்களே, அதுதான் வெசனமா இருக்குது. நம்ம உருவத்துல யாராச்சும் ஓட்டறீங்கன்னா சொல்லுங்க.

உடுமலை நெட்டை:

நானும் ஆறடிக்கு மேலதானுங்க, எடையும் மூணு இலக்கம். மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன், சீட் ஒசரத்தப் பாத்து வண்டி எடுக்காதீங்க. அது தரையில கால் எட்டுமா எட்டாதான்னு வெசனப்படறவங்களுக்கு. நம்மள மாதிரி ஆளுக்கு சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவுல எவ்வளவு எடம் இருக்குது, அதுதான் கணக்கு, அதை எந்த பிரவுச்சர்லயும் போட மாட்டாங்க, நீங்களேதான் டேப்பு வெச்சு அளக்கணும். இப்ப ஓட்டற வண்டில அந்த எடத்த அளந்து எழுதி வெச்சுக்கங்க, ஷோரூம்ல ஒவ்வொரு வண்டிக்கும் அதே மாதிரி அளங்க. ஒரு அங்குலம் கூட இருந்தாலே முட்டிக்கு எவ்வளவு சொகமுன்னு உக்காந்தா தெரியும்.

கிளாசிக்கு சீட்டு 805 மில்லிமீட்டர், ஹைனஸ் 800, மீட்டியார் 765. கிளாசிக்கும் ஹைனஸும் காகிதத்துல ஒண்ணுதான், ஆனா வீல்பேஸ், அதாவது ரெண்டு சக்கரத்து நடு அச்சுக்கும் இடையில இருக்கற நீளம், கிளாசிக்ல 1390, ஹைனஸ்ல 1441, அதாவது ஹோண்டா அஞ்சு சென்டிமீட்டர் நீளம். ரெண்டு பேரு உக்காந்து மலை ஏறறப்ப அந்த நீளம் நல்லதுதானுங்க, எடை முழுக்க பின் சக்கரத்து மேலயே போய் உக்காராது. மீட்டியார்ல சீட்டு தாழ்வு, ஃபுட்ரெஸ்ட்டு முன்னாடி தள்ளி இருக்குது, அதனால முட்டி மடங்காது, நெட்டையா இருக்கறவங்க ஏறி உக்காந்த ஒடனே அடடான்னு இருக்கும், ஆனா கால முன்னாடி நீட்டி உக்காந்தா குழியில வண்டி எறங்கறப்ப பாதத்த ஊணி எந்திரிக்க முடியாது, இடி முழுக்க வால் எலும்புலதான். முதுகு வலி ஏற்கனவே இருக்குதுங்கறீங்க, அதனால நான் அதை மூணாவதாத்தான் வெப்பேன்.

இன்னொண்ணு, உங்களுக்கு ஷூ 12ஆம் நம்பராவது இருக்கோணும். இந்த வண்டிகள்ல கியர் லீவரு முன்னயும் பின்னயும் மிதிக்கற மாதிரி, பெரிய பாதம் ரெண்டுக்கும் நடுவுல சிக்கும். போடற ஷூவையே போட்டுட்டுப் போய் டெஸ்ட் ரைடு எடுங்க, செருப்புல போகாதீங்க.

அப்பறம் ஹைனஸ்ஸையும் சிபி350 ஆர்எஸ்ஸையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஆர்எஸ்ல ஃபுட்ரெஸ்ட்டு பின்னாடி தள்ளி மேல இருக்கும், நமக்கு முட்டி மடங்கிப்போகும்.

பவானி பாய்ஸ்:

ப்ரோ இவ்வளவு யோசிக்கறதுக்கு கொஞ்சம் பணம் கூடப் போட்டு இன்டர்செப்டர் 650 எடுத்துருங்க, 47 பிஎச்பி, ரெண்டு சிலிண்டர், திம்பமெல்லாம் மூணாவது கியர்லயே ஏறும். இல்லைன்னா டிரையம்ப் ஸ்கிராம்ப்ளர் 400 எக்ஸ், சீட்டு 835, நெட்டை ஆளுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

உடுமலை நெட்டை:

தம்பி, ரெண்டும் அருமையான வண்டிதான், ஆனா 2025 செப்டம்பர் 22க்கு அப்பறம் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா கொறஞ்சுது, அதுக்கு மேல போனா 40. அவரு சொன்ன மூணும் 350க்கு உள்ளாற வந்துரும், நீங்க சொன்ன ரெண்டும் வெளிய. அவரு கேக்கறது வேகம் இல்லீங்க, இடுப்பு. இன்டர்செப்டர்ல சீட்டு 804தான், ஃபுட்ரெஸ்ட்டு கொஞ்சம் பின்னாடி, ஆறேகால் அடி ஆளுக்கு கிளாசிக்க விட முட்டி கூடத்தான் மடங்கும். ஸ்கிராம்ப்ளரு ஒசரத்துக்கு சரி, ஆனா பின்னாடி ஒத்தை மோனோஷாக், அவரு ஆசைப்படற அமைப்பு அது இல்ல.

பட்டறைக்காரன் ஈரோடு:

நான் வண்டி வேலை பாக்கறவனுங்க, எந்தக் கம்பெனின்னு சண்டைக்கு வரல. எது எடுத்தாலும் டெலிவரி எடுத்த அன்னிக்கே செய்ய வேண்டியது சிலது இருக்குது, அதை யாரும் செய்யறதில்ல, அப்பறம் வண்டி சரியில்லன்னு பேரு.

பின் ஷாக்குல அடியில படிக்கட்டு மாதிரி வெட்டு வெச்ச ஒரு வளையம் இருக்கும், கிளாசிக்ல ஆறு படி. பெரும்பாலும் ரெண்டாவது மூணாவது படியிலயே விட்டுக் குடுப்பாங்க, அது 70 கிலோ ஆளுக்கு. டூல் கிட்ல வளைஞ்ச ஸ்பேனர் ஒண்ணு இருக்கும், அதைப் போட்டு ரெண்டு பக்கமும் ஒரே படிக்கு ஏத்துங்க, ஒரு பக்கம் நாலு ஒரு பக்கம் அஞ்சுன்னு விட்டுடாதீங்க. எந்தப் படின்னு எப்படி முடிவு பண்றது? சென்டர் ஸ்டாண்டு போட்டு பின் சக்கரம் தொங்கறப்ப ஆக்சில் நட்டுல இருந்து நேர் மேல சீட்டுக்கு அடியில ஒரு எடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு அளங்க, அப்பறம் ஸ்டாண்டு எடுத்து நீங்க முழு எடையோட கால் ரெண்டும் ஃபுட்ரெஸ்ட்டுல வெச்சு உக்காருங்க, ஒருத்தர் முன்னாடி ஹேண்டிலப் புடிச்சுக்கட்டும், இன்னொருத்தர் மறுபடி அளக்கட்டும். பின் சக்கரம் மொத்தம் மேல கீழ போற அளவுல மூணுல ஒரு பங்கு எறங்குச்சுன்னா சரி. கடைசிப் படியிலயும் பாதிக்கு மேல எறங்குதுன்னா படி ஏத்திப் புண்ணியமில்ல, படி ஏத்துனா ஒசரம்தான் ஏறும், ஸ்பிரிங் பலம் கூடாது. அப்ப கெட்டி ஸ்பிரிங் போட்ட ஷாக்குதான் மாத்தோணும், அதுக்கு ஒரு தொகைய பட்ஜெட்லயே இப்பவே ஒதுக்கி வெச்சுக்கங்க.

செயின் டைட் வெக்கறப்ப உங்களையும் உக்கார வெச்சு ஒருக்கா பாக்கச் சொல்லுங்க. ஆளு இல்லாம வெச்ச லூசு, ரெண்டு பேரு உக்காந்து ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தப் புடிச்சிருக்கற கை) மேல வர்றப்ப காணாமப்போயிரும், செயின் கம்பி மாதிரி இழுத்து நின்னு பேரிங்கத் தின்னுரும். ஹெட்லைட்டும் அப்புடித்தான், பின்னாடி அமுங்குனா முன்னாடி தூக்கிக்கும், எதுக்கால வர்றவன் கண்ணுல அடிக்கும், கொஞ்சம் எறக்கி வெச்சுக்கங்க. காத்து பின் டயருல ரெண்டு பேருக்குன்னு போட்டிருக்கற அளவுதான் உங்களுக்கு ஒத்தையா போறப்பவும்.

எடைக் கணக்கும் பாத்துக்கங்க. மேனுவல்ல மொத்த எடைன்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, அதுல வண்டி எடைய கழிச்சா வர்றதுதான் வண்டி தாங்கற பாரம். கிளாசிக் 195 கிலோ, ஹைனஸ் 181. உங்க எடை, அம்மிணி எடை, பை, ஹெல்மெட் எல்லாம் சேத்து அதுக்குள்ள வருதான்னு கூட்டிப் பாருங்க.

நல்லாம்பாளையம் அக்கா:

எல்லாரும் ஓட்டறவர் முட்டியையே பேசறீங்க, பின்னாடி உக்கார்றவங்கள யாரும் கேக்கல. என்ற வூட்டுக்காரரும் இதே மாதிரி ஆளுதான், அவரு உக்காந்ததுக்கப்பறம் மிச்சம் இருக்கற எடந்தான் எனக்கு. சீட்டு ரெண்டாப் பிரிஞ்ச வண்டின்னா முன் சீட்டுல பெரிய ஆளு பின்னாடி தள்ளித் தள்ளி வந்து பின் சீட்டு விளிம்புல உக்காருவாரு, அந்த விளிம்பு அவருக்கும் குத்தும், நமக்கும் எடம் இருக்காது. புல்லட் 350ல மாதிரி ஒரே நீட்டு சீட்டா இருந்தா ரெண்டு பேரும் தள்ளி உக்காந்துக்கலாம். கிளாசிக்கும் புல்லட்டும் உள்ளாற ஒரே எஞ்சின்தான், 349 சிசி, அதனால அதையும் லிஸ்டுல சேத்துக்கங்க தம்பி. அம்மிணி சேலை கட்டி ஒரு பக்கமா உக்கார்றவங்கன்னா கண்டிப்பா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, சேலையிலயே கூட்டிட்டுப் போங்க, கால் வெக்கற பலகை எங்க வருது, புடிக்கற கம்பி கைக்கு எட்டுதான்னு அவங்கதான் சொல்லோணும்.

சீட்டுக்கு ஒரு வழி சொல்றேன். சீட் கவர் போடற கடையில பழைய ஃபோம எடுத்துட்டு எச்ஆர் ஃபோம் (அமுங்குனாலும் ஒடனே மேல வந்துக்கற ஃபோம்) கெட்டியாப் போட்டு முன் சீட்ட ஒரு அங்குலம் தூக்கச் சொன்னோம். ஒரே வேலையில முட்டிக்கு எடமும் ஆச்சு, வால் எலும்பு வலியும் நின்னுச்சு. மெத்து மெத்துன்னு வேணும்னு கேக்காதீங்க, பெரிய ஆளுக்கு மெத்து ஃபோம் அரை மணி நேரத்துல தரை தட்டிரும்.

கோபிக்காரன்:

ரொம்ப ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும், அக்கா நீங்க சொன்னது எனக்குத் தோணவே இல்ல, அம்மிணிகிட்ட படிச்சுக் காட்டுனேன், இந்த ஞாயித்துக்கிழமையே போலாமுன்னு நிக்கறா. புல்லட்டு, கிளாசிக்கு, ஹைனஸு மூணையும் டேப்போட பாத்துப்போட்டு வர்றோம். ஒரே ஒரு சந்தேகம், கிளாசிக் எடுத்தா ஸ்போக் வீலா, அலாய் வீலா? பாக்க ஸ்போக்குதான் அழகு. வின்ட்ஷீல்டும் போட்டுக்கலாமுங்களா, ஆடிக் காத்துல பல்லடம் தாராபுரம் பக்கம் போனா வண்டியவே தள்ளுது.

பட்டறைக்காரன் ஈரோடு:

உங்க எடைக்கு அலாய் எடுங்க, கிளாசிக்ல அலாய் வர்ற கலருக்கு டியூப்லெஸ் டயரு. ஸ்போக்குல டியூபு, திம்பத்துல பாதி வளைவுல பஞ்சரானா ரெண்டு பேரும் நடுக்காட்டுல நிக்கோணும், ஸ்போக்கும் பாரத்துக்கு லூசாயிட்டே இருக்கும், சர்வீசுக்கு சர்வீசு தட்டிப் பாத்து முறுக்கோணும். வின்ட்ஷீல்டு இப்ப வேண்டாமுங்க. பக்கக் காத்துக்கு அது ஒண்ணும் செய்யாது, உங்க ஒசரத்துக்கு அதுல பட்டு மேல ஏர்ற காத்து நேரா ஹெல்மெட்ல மோதி தலைய ஆட்டும். மொதல்ல வண்டி எடுத்து ஷாக்கு சரி பண்ணி ஓட்டிப் பாருங்க, அப்பறமும் தேவைன்னு பட்டா ஒசரம் ஏத்தி எறக்கற மாதிரி ஒண்ணு போட்டுக்கலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல ஹேண்டில இறுக்கிப் புடிக்காதீங்க, முட்டிய டேங்குல அணைச்சுப் புடிச்சு கைய லூசா விடுங்க, வண்டி தானா நேரா நிக்கும்.