ஓகஸ்ட் லீவு வன்னியில: ஒரே வீட்டில நிக்கிறதா, ஊர் சுத்துறதா?

வட்டக்கச்சியாள் (ஸ்காபரோ)
எல்லாருக்கும் வணக்கம். பிள்ளையள் ரெண்டு பேர், மூத்தவனுக்கு 6, சின்னவளுக்கு 3. ரெண்டு பேரும் இன்னும் ஊர் காணேல்லை. என்ர அம்மா அப்பா கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில, மனுசன்ர ஆக்கள் முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில. ஜூலைக் கடைசியில வெளிக்கிட்டு ஒரு மாதம் மட்டில நிக்கிற பிளான்.

வீட்டில இப்ப பெரிய இழுபறி. பாதி நாள் அம்மா வீடு, பாதி நாள் மாமி வீடு, அது காணும் எண்டு நான் சொல்றன். இவ்வளவு காசு குடுத்துப் போய் ஒரு வளவுக்க குந்தி இருக்கேலாது எண்டு இவர் சொல்றார். நுவரெலியா, பெந்தோட்டை, யாழ்ப்பாணத்தில சொந்தக்காரர், வவுனியாவில சித்தப்பா எண்டு எக்செல் போட்டு வச்சிருக்கிறார். அதில வட்டக்கச்சிக்கு விழுந்தது ஆறு நாள். சின்னப் பிள்ளையளோட போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ.

சோளகம் (லண்டன்)
உங்கட மனுசன் சொல்றதுதான் சரி, சொல்றனெண்டு கோவிக்க வேண்டாம். முதல் ரெண்டு நாள் கோழிக்குஞ்சு, ஆட்டுக்குட்டி எண்டு ஓடித் திரிவினம். மூண்டாம் நாள் வைஃபை எங்க எண்டு கேட்பினம். ஓகஸ்டில வன்னி எப்பிடி இருக்கும் எண்டு மறந்து போனியளோ? வெயில், சோளகக் காத்து, புழுதி. பத்து மணிக்குப் பிறகு முற்றத்தில கால் வைக்கேலாது. குளமெல்லாம் அடியில கிடக்கும். இங்க ஏசி காரிலயும் பள்ளிக்கூடத்திலயும் வளர்ந்ததுகள் பகல் முழுக்க விறாந்தையில கிடந்து சிணுங்கும். அதைப் பாத்து உங்கட அம்மாவுக்குத்தான் கவலை.

எங்கட முறை இதுதான்: ஊரில நாலைஞ்சு நாள், பிறகு அம்மா அப்பாவையும் வானில ஏத்திக்கொண்டு வெளிக்கிடுறது. என்ர அம்மா நுவரெலியா கண்டது என்ர பிள்ளையளோடதான். அதுக்கு முதல் அந்த மனுசி வவுனியாவுக்கு அங்கால போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் பாஸ்போட்டுக்கும் மட்டும்தான். பேரப்பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு தேயிலைத் தோட்டத்தில நிண்டு எடுத்த படம் இப்பவும் சுவரில கொழுவிக் கிடக்கு. வளவுக்க குந்தியிருந்து உந்தச் சந்தோசத்தை ஆர் குடுக்கிறது?

குளக்கட்டு (பாரிஸ்)
தம்பி சோளகம், கதை நல்லாக் கிடக்கு. ஆனால் ஓகஸ்டில பெந்தோட்டைக் கடல் குளிக்கிற கடலோ? தென்மேல் பருவத்தில அந்தப் பக்கமெல்லாம் அலை அடிச்சுக்கொண்டு நிக்கும், செங்கொடி போட்டிருப்பாங்கள். நுவரெலியாவில மழையும் குளிரும். ஸ்காபரோப் பிள்ளைக்குக் குளிர் காட்டப் பிளேன் ஏத்திக் கொண்டு போகோணுமோ? கடல் வேணுமெண்டால் அந்த மாதங்களில கிழக்குத்தான், நிலாவெளிப் பக்கம் போனால் ஒரு நியாயம் இருக்கு.

அதை விடுங்கோ. மூண்டு வயதுப் பிள்ளைக்கு அம்மம்மா ஆர்? போனில தெரியிற முகம். நேரில கண்டால் பிள்ளை முதல் தாயின்ர சீலைக்குப் பின்னால ஒளிக்கும். அம்மம்மா கை நீட்ட நீட்டப் பின்னுக்குப் போகும். அந்த மனுசி இரவில தனிய அழும், உங்களுக்குக் காட்டாது. நாலைஞ்சு நாள் போகோணும், பிள்ளை தானாய்ப் போய் மடியில இருக்க. அண்டைக்குப் பாத்து நீங்கள் வானுக்கு ஹோர்ண் அடிப்பியள். உந்த ஆறு நாளில அஞ்சு நாள் அறிமுகத்துக்கே போகும், கணக்குப் பாருங்கோ.

இன்னொண்டு. ரொறன்ரோவுக்கும் ஊருக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம். முதல் கிழமை பிள்ளையள் சாமம் மூண்டு மணிக்கு எழும்பிக் கூத்தடிக்கும். அந்த நேரத்தில ஹோட்டல் றூமில என்ன செய்வியள்? ஐபாட் குடுப்பியள். ஊரில எண்டால் அப்பு நாலு மணிக்கு எழும்பிற ஆள். டோர்ச் லைட்டோட மாட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். பால் கறந்து முடியக் குஞ்சுகள் திரும்ப நித்திரை. என்ர ரெண்டு பேருக்கும் அப்பப்பாவில ஒட்டு வந்ததே அந்தச் சாமத்திலதான்.

சோளகம் (லண்டன்)
மாடு வைச்சிருக்கிற அப்பு எல்லாருக்கும் இல்லை அண்ணை. என்ர அப்பாவுக்கு முழங்கால் ஏலாது, கதிரையை விட்டு எழும்பாமல் ரிவி பாக்கிறவர். ஒரு மாதமும் பிள்ளையளும் அவரோட இருந்து இந்திய நாடகம் பாக்கிறதோ?

முல்லை ரீச்சர் (முல்லைத்தீவு)
வெளியில் இருந்து வருபவர்கள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். வீட்டில் இருந்து எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

நீங்கள் ரிக்கெற் போட்டதும் இங்கே என்ன நடக்கும் என்று தெரியுமா? “பேரப்பிள்ளையள் வருகினம், குந்துற கக்கூசில அதுகளுக்கு இருக்கத் தெரியாது” என்று மேசன் தேடுவார்கள். கொமட், ரைல்ஸ், குளியலறைக்கு ஹீற்றர், அறைக்கு ஏசி. உங்களிடம் காசு கேட்க வெட்கம். நகை அடைவுக்குப் போகும், அல்லது சீட்டை முந்தி எடுப்பார்கள். நீங்கள் ஆறு நாள் இருந்துவிட்டு நுவரெலியா போய்விடுவீர்கள். அந்த அடைவை மீட்க இரண்டு போகம் எடுக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் போன வருசம் பூட்டிய ஏசி, பிள்ளைகள் போன நாளில் இருந்து துணி போட்டு மூடிக் கிடக்கிறது. கரண்ட் பில்லுக்குப் பயம்.

அடுத்தது, உங்கள் லீவு எங்கள் பிள்ளைகளுக்கு லீவு என்று நினைத்து வருகிறீர்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெடுங்காலம் ஓகஸ்டில்தான் நடந்தது, 2025இலும் ஓகஸ்டில்தான். மச்சாள் பிள்ளை காலை ஆறு மணிக்கு ரியூசனுக்குப் போகும். நீங்கள் “வா, கடலுக்குப் போவம்” என்பீர்கள். போகாவிட்டால் மரியாதை இல்லை, போனால் தாய்க்கு வயிற்றெரிச்சல். வருவதற்கு முதல் ஒரு வார்த்தை கேளுங்கள், எந்தப் பிள்ளைக்கு எப்போது சோதனை என்று.

சோளகம் (லண்டன்)
ரீச்சர், அடைவு விசயம் நீங்கள் சொன்னது உண்மை, அது பிழைதான். ஆனால் கொமட் இல்லாமல் இங்கத்தைப் பிள்ளை என்ன செய்யும்? என்ர மகன் மூண்டு நாள் போகாமல் அடக்கி வச்சிருந்து கடைசியில கிளிநொச்சியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். மண்வாசனை, மாட்டுக்கொட்டில் எண்டு எழுதுறவை உதையும் எழுதோணும்.

குளக்கட்டு (பாரிஸ்)
உதுக்கு ஏசியும் ரைல்ஸும் எதுக்கு? குந்துற கக்கூசுக்கு மேல வைக்கிற பிளாஸ்ரிக் கதிரை கிளிநொச்சிச் சந்தையிலயே கிடக்கும். சின்னவளுக்குப் பிள்ளையள் கக்கா இருக்கிற பொட்டி (potty) ஒண்டு சூட்கேசுக்க வையுங்கோ. முடிஞ்சுது.

பாலைப்பழம் (ஒஸ்லோ)
நான் நேர்ஸ். சண்டையில ஆரின்ர பக்கமும் இல்லை. மலேரியாவுக்குப் பயந்த காலம் போட்டுது, 2016இல உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடெண்டு அறிவிச்சிட்டுது. எங்கட அம்மாக்களின்ர காலத்தில வன்னி எண்டாலே காய்ச்சல், அந்தப் பயம் இன்னும் போகேல்லை. டெங்கு இருக்கு. வடக்கில அது மாரி மழையோட, மார்கழி தை பக்கம்தான் ஏறும், ஆனால் ஓகஸ்டில அறவே இல்லையெண்டு நினைக்க வேண்டாம். அந்த நுளம்பு விடியவும் பின்னேரமும் கடிக்கிறது, இரவுக்கு வலை கட்டினால் மட்டும் காணாது.

ரைபொயிட் ஊசி ரெண்டு வயதுக்கு மேலதான், சின்னவளுக்கும் போடலாம். பறக்க ரெண்டு கிழமைக்கு முதலாவது போட்டிடுங்கோ. கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆத்திக் குடுங்கோ. வயித்தோட்டம் எண்டால் முதல் ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடுக்கிற உப்புச் சீனிப் பவுடர்), மற்றதெல்லாம் பிறகு. நாய் பூனை கடிச்சாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிப்போட்டு அண்டைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, மஞ்சள் பூசிக்கொண்டு இருக்க வேண்டாம். அம்புலன்ஸ் 1990, காசில்லை.

கச்சான் (நிலக்கடலை) அலர்ஜி உள்ள பிள்ளையோ? அப்ப போற வழியில முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியிலயே தொடங்கிடும். வான் நிக்கும், பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்துவினம், கச்சான் வாங்காமல் ஒருத்தரும் திரும்ப ஏறமாட்டினம். “கச்சான் திண்டு ஆரும் சாகிறதோ” எண்டு மாமா பிள்ளையின்ர வாயில ஒண்டைப் போட்டிடுவார். எபிபென் எண்ட அலர்ஜி ஊசி ரெண்டு கையோட இருக்கோணும், சூட்கேசுக்க வைக்கிறேல்லை.

எல்லாத்திலயும் எனக்குப் பெரிய பயம் கிணறு. கட்டில்லாத தோட்டக் கிணறுகள் வன்னியில இப்பவும் கிடக்கு. மூண்டு வயதுக்கு அது தெரியாது. நீங்கள் போய்ச் சேர முதலே அப்பாவிட்டச் சொல்லிக் கம்பிவலை போட்டு மூடுவியுங்கோ. ரீச்சர் கோவிக்க வேண்டாம், மேசனுக்குக் குடுக்கிற காசை இதுக்குக் குடுக்கச் சொல்லுங்கோ.

முல்லை ரீச்சர் (முல்லைத்தீவு)
கோபம் இல்லை, நூறு வீதம் சரி. வாய்க்காலையும் சேருங்கள். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் இருந்து தண்ணீர் விட்டிருந்தால் இழுவை இருக்கும், உள்ளூர்ப் பிள்ளைகளைப் பார்த்து உங்கள் பிள்ளையும் குதிக்கும்.

சோளகம் (லண்டன்)
மிதிவெடியை ஒருத்தரும் சொல்லேல்லை. பாலைப்பழம் பொறுக்கக் காட்டுக்க விடச் சொல்லுவியள் போல கிடக்கு.

முல்லை ரீச்சர் (முல்லைத்தீவு)
குடியிருப்பு வளவுகளில் மிதிவெடி அகற்றிய பிறகுதான் சனத்தை மீளக் குடியேற்றினார்கள். மிச்சம் இருப்பது பற்றைக்காடுகளிலும் முன்னரங்கு இருந்த இடங்களிலும். மண்டையோட்டுச் சிவப்புப் பலகைக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது, கிடக்கிற இரும்பைத் தொடக் கூடாது என்று எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடமே இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கும் அதே இரண்டு வசனம் போதும். இலங்கை 2017இல் மிதிவெடியைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, வேலை இன்னும் முடியவில்லை. பாலைப்பழத்துக்குக் காட்டுக்குப் போகத் தேவையில்லை, தெருவோரத்தில் சுண்டுக் கணக்கில் விற்பார்கள். ஓகஸ்ட் என்றால் கடைசிப் பழம். பால் ஒட்டிச் சொண்டு பிசுபிசுக்கும், முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசிவிடுங்கள்.

ஏஜாக்ஸ் அண்ணை (ஏஜாக்ஸ்)
ஏன் இவ்வளவு கரைச்சல்? கனடாவில பெற்றாருக்குக் குடுக்கிற சூப்பர் விசாவில அம்மா அப்பாவைக் கூப்பிடுங்கோ. 2022க்குப் பிறகு ஒருமுறை வந்தால் அஞ்சு வருசம் மட்டும் நிக்கலாம். இன்சூரன்ஸ் காசு, நாலு ரிக்கெற்றை விடக் குறையலாம்.

குளக்கட்டு (பாரிஸ்)
வந்து? நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்கு, பிள்ளையள் சமர் காம்புக்கு. கிழடுகள் பேஸ்மென்ரில இருந்து யன்னலால புல்லைப் பாக்கும். ஊரில அவை ஆக்கள். தோட்டம், கோயில், சங்கம், வழக்குத் தீர்க்கிற நாலு சனம். தாத்தாவை ஆளாய்ப் பாக்கோணும் பிள்ளை.

ஏஜாக்ஸ் அண்ணை (ஏஜாக்ஸ்)
என்ர மாமியைக் கேட்டுப் பாருங்கோ, திரும்பிப் போக மாட்டன் எண்டு நிக்கிறா. பஸ் பிடிச்சுத் தனியக் கோயிலுக்குப் போய் வாறா.

வட்டக்கச்சியாள் (ஸ்காபரோ)
எல்லாருக்கும் நன்றி. ஒண்டு கேக்க மறந்து போனன், அதுதான் மனதில பெரிசாக் கிடக்கு. அம்மா வீட்டு முன் விறாந்தையில தம்பியின்ர படம் மாலையோட இருக்கு. 2009. மூத்தவன் ஆரெண்டு கேட்பான், அவன் எல்லாத்தையும் கேக்கிறவன். நாங்கள் இங்க ஒண்டும் சொல்லேல்லை.

சோளகம் (லண்டன்)
சொல்லுங்கோ தங்கச்சி. முள்ளியவளைக்குப் போறியள், முள்ளிவாய்க்கால் பக்கத்திலதான். கொண்டு போய்க் காட்டுங்கோ. நாங்கள் சொல்லாட்டில் வேற ஆரோ வேற மாதிரிச் சொல்லுவாங்கள்.

குளக்கட்டு (பாரிஸ்)
ஆறு வயதுக்கோ? லீவுக்குப் போன பிள்ளைக்கோ? இரவில படுக்காது. பத்துப் பன்னிரண்டு வயதில திரும்பக் கூட்டிக்கொண்டு போங்கோ.

முல்லை ரீச்சர் (முல்லைத்தீவு)
இரண்டு பேருடனும் எனக்கு ஒத்துவராது. எங்கள் வகுப்பில் பாதி வீட்டில் அப்படி ஒரு படம் இருக்கிறது, ஆறு வயதுப் பிள்ளைகள் அதற்குக் கீழே இருந்துதான் வீட்டுப்பாடம் செய்கிறார்கள். மறைத்தால்தான் பிள்ளை பயப்படும். கேட்டால் “உன்ர மாமா, சண்டையில செத்துப் போனார்” என்று நேராகச் சொல்லுங்கள், மிச்சத்தை அம்மாவிடம் விடுங்கள். அவர் மாமாவின் சாவைச் சொல்ல மாட்டார். மாமரத்தில் இருந்து விழுந்ததையும், சைக்கிளை வாய்க்காலுக்குள் விட்டதையும் சொல்லுவார். மகனைப் பற்றி ஆசையாகக் கேட்க ஒரு ஆள் வந்தால் அவருக்கும் நல்லது, அயலில் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும், ஒருவரும் கேட்பதில்லை. இதற்கு ஆறு நாள் போதாது. இந்த ஒரு விசயத்துக்காகத்தான் நான் குளக்கட்டு அண்ணையின் பக்கம். வீடு வீடாகச் சுவாமி வீதியுலா மாதிரிப் பிள்ளையைக் கொண்டு திரிந்தால், அம்மா வாய் திறக்கிற நேரம் வராது. சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் வரட்டும். வவுனியாவில் இருந்து பஸ் ஓடுகிறது.

சோளகம் (லண்டன்)
சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாட்டில் பத்து வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவினம் ரீச்சர். உங்களுக்கு ஊரில இருந்து அது விளங்காது, நாங்கள்தான் போனில கேக்கிறது. போற இடமெல்லாம் என்வலப்பும் குடுக்கோணும், அது வேற.

வட்டக்கச்சியாள் (ஸ்காபரோ)
ரீச்சர், வாசிச்சிட்டு அம்மாவுக்கு எடுத்துக் கதைச்சன். தம்பியின்ர கதையைத் தானே சொல்லுறாவாம், என்னை வாயைத் திறக்க வேண்டாமாம்.

இவருக்கும் இழையைக் காட்டினன். சோளகம் அண்ணை எழுதினதை மட்டும் வடிவா வாசிச்சிட்டு, பெந்தோட்டையை வெட்டிப்போட்டு நிலாவெளி போட்டிருக்கிறார். வட்டக்கச்சி ஆறில இருந்து பதினொண்டாகியிருக்கு. நுவரெலியாவில மட்டும் கை வைக்க விடுறாரில்லை. கிணத்துக்கு வலை போட அப்பா ஓமெண்டிட்டார். கொமட்டுக்கு அம்மா ஏற்கனவே மேசனுக்கு அட்வான்ஸ் குடுத்திட்டாவாம்.

முல்லை ரீச்சர் (முல்லைத்தீவு)
அட்வான்ஸ் எங்கிருந்து என்று கேட்டீர்களா?

வட்டக்கச்சியாள் (ஸ்காபரோ)
கேட்டன். “உனக்கேன் உந்தக் கதை” எண்டு போனை அப்பாவிட்டக் குடுத்திட்டா. நாளைக்கு அக்காவின்ர பேரில காசு போடுறன்.

குளக்கட்டு (பாரிஸ்)
காசு போடேக்க ஏசிக்கும் சேத்துப் போடாதேங்கோ. நுவரெலியாவுக்கு அவர் தனியப் போகட்டும், சுவெற்றர் குடுத்து விடுங்கோ.