211 நாள் நிற்காமல் ஓடும் டோர் ரிலேயை ரீபூட் செய்யலாமா?

வெங்காயத்தோல்:
டோர் என்கிற அநாமதேய வலையில் மற்றவர்களின் டிராஃபிக்கைக் கைமாற்றி அனுப்பும் சர்வர்தான் ரிலே, என் ரிலே 211 நாளாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. வலை தரும் கார்டு கொடி (தகுதி முத்திரை) கிடைத்து ரொம்ப நாளாகிறது, அதாவது பயனர்கள் வலைக்குள் நுழையும் முதல் வாசலே என் சர்வர்தான். கெர்னல் அப்டேட் நாலைந்து சேர்ந்து, ரீபூட் செய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் செய்யப்போவதில்லை. ஒருவருடைய டோர் ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்தால் மாதக்கணக்கில் அதையே பிடித்துக்கொள்ளும், பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. நான் அணைத்தால் அது அடுத்த கார்டுக்குப் போகும், அவருடைய ஐபி இன்னொருவர் கண்ணில் படும். சும்மா கிடந்த சங்கை எதற்கு ஊதிக் கெடுக்க வேண்டும்?

இரவுக்காவல்:
சங்கில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறதே ஐயா. 211 நாள் அப்டைம் என்றால் 211 நாளாகக் கெர்னலும் மாறவில்லை, ஓடும் டோரும் பழையது. அதிலும் ரிலேயின் அப்டைம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய தகவல், "என் வீட்டுப் பூட்டு பழசு" என்று நீங்களே பலகை மாட்டி வைத்த மாதிரிதான். இரண்டு நிமிடம் நின்ற கார்டால் என்ன நஷ்டம்? பயனர் பக்கத்து டோர் மூன்று முதன்மைக் கார்டுகளைக் கையில் வைத்திருக்கும், முதலாவது திரும்பி வந்ததும் அதற்கே போய்விடும். உள்ளே எவனாவது புகுந்துவிட்ட கார்டு அப்படியா? 2014-ல் ஹார்ட்பிளீட் என்கிற ஓபன்எஸ்எஸ்எல் ஓட்டை வந்தபோது அதை அடைக்காத ரிலேக்களை, ரிலேப் பட்டியலைப் பராமரிக்கும் டைரக்டரி அதாரிட்டிகளே வலையிலிருந்து நிராகரித்தார்கள். ஆதரவு முடிந்த டோர் பதிப்புகளுக்கும் அதே கதிதான்.

வெங்காயத்தோல்:
கொடிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. ரீஸ்டார்ட் செய்தால், ஆனியன் தளங்களைக் கண்டுபிடிக்கும் விவரத்தை வைத்திருக்கும் ரிலேக்களுக்கான எச்எஸ்டிர் கொடி போய்விடும், திரும்ப வாங்க 96 மணி நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். ஸ்டேபிள் கொடியும் எத்தனை நாளுக்கு ஒருமுறை விழுகிறோம் என்கிற சராசரியை வைத்துத்தான்.

இரவுக்காவல்:
96 மணி நேரம் என்பது நாலு நாள், அவ்வளவுதான். சராசரி 7 நாளைத் தாண்டினாலே ஸ்டேபிளுக்குப் போதும், மாதம் ஒரு ரீபூட் உங்களை ஒன்றும் செய்யாது. என் பெட்டிகளில் அப்டேட்டும் ரீபூட்டும் தானாகவே நடக்கின்றன, நான் தொடுவதே இல்லை.

எக்ஸிட்வாசல்:
அந்தத் "தானாகவே"தான் எனக்குப் பயம். ஐந்து எக்ஸிட் (டிராஃபிக் வலையை விட்டு வெளியேறும் கடைசி ரிலே) ஓட்டுகிறேன். ஐந்துக்கும் ஒரே நேரத்தில் ரீபூட் குறித்து வைத்திருந்தேன், அசட்டுத்தனம்தான். ஒரே ஆளுடையவை என்று குடும்பமாக அறிவித்த ஐந்தும் சேர்ந்து விழுந்தன. அதில் ஒன்றின் டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் செய்தது, பூட் ஆகும்போது கடவுச்சொல் கேட்கும். கேட்டுக்கொண்டே காலைவரை கிடந்தது, நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். இப்போது ஆளுக்கொரு நாளாகப் பிரித்துவிட்டேன், என்கிரிப்ட் செய்ததை மட்டும் கையால்.

அப்புறம் ஒன்று, அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றியதற்கெல்லாம் ரீஸ்டார்ட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அலைவரிசை வரம்பு, தொடர்பு முகவரி போன்றவற்றுக்கு ரீலோடு போதும், ரிலேக்கள் வழியாகப் போகும் பயனர் பாதை, அதாவது சர்க்யூட், ஒன்றுகூட அறாது. ரீஸ்டார்ட் வேண்டியே இருந்தால் முறையாக நிறுத்துங்கள். புது இணைப்பை ஏற்காமல் 30 வினாடி பொறுத்துவிட்டுத்தான் டோர் அணையும். கில் அடித்துக் கொல்லாதீர்கள்.

பழையபெட்டி:
நீங்கள் எல்லாரும் நிமிடக் கணக்கில் சண்டை போடுகிறீர்கள், நான் இரண்டு மாதத்தைத் தொலைத்தவன். இடம் கொடுத்த நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் என் சர்வரைப் புது டிஸ்க்குக்கு மாற்றியது, டேட்டா டைரக்டரி காலி. டோர் பாவம், ஒரு முறைப்பும் இல்லாமல் புதுச் சாவிகளை உருவாக்கி ஓட ஆரம்பித்துவிட்டது. அதே ஐபி, அதே பெயர், ஆனால் சாவியிலிருந்து வரும் கைரேகை (ரிலேயின் அடையாளம்) வேறு, அதனால் வலைக்கு நான் அந்நியன். முதல் மூன்று நாள் ஈ ஓட்டினேன். எட்டாம் நாள் வாக்கில் கார்டு கொடி வந்தால் இருந்த டிராஃபிக்கும் குறைகிறது, ஏனென்றால் நடு ரிலேயாக உங்களைத் தேர்ந்தெடுப்பது குறைந்துவிடும், பழைய பயனர்களோ உடனே கார்டை மாற்றமாட்டார்கள். பழைய நிலைக்கு வர 68 நாள்வரை ஆகும் என்று சொல்வார்கள், எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது. சாவிகள் இருக்கும் கீஸ் கோப்புறைக்கு ஒரு நகல் வேறு இடத்தில் இருந்திருந்தால் அன்று சாயங்காலமே முடிந்திருக்கும். வெங்காயத்தோல், உங்களிடம் நகல் இருக்கிறதா?

வெங்காயத்தோல்:
...இல்லை. இப்போது எடுக்கிறேன்.

வெங்காயத்தோல்:
எடுத்தேன். எடுத்த சூட்டோடு ரீபூட்டும் போட்டுவிட்டேன். இரண்டு நிமிடம் என்றீர்களே, நாற்பது நிமிடம் ஆனது. டோர் எழுந்துவிட்டது, ஆனால் மற்றவர்கள் ரிலேயோடு இணையும் ஓஆர் போர்ட் வெளியிலிருந்து எட்டவில்லை என்று லாக்கில் புலம்பல். ஃபயர்வால் விதியை 211 நாளுக்கு முன்னால் கையால் அடித்திருக்கிறேன், சேமிக்கவே இல்லை. இதற்குத்தான் தொடாதே என்றேன்.

இரவுக்காவல்:
மின்சாரம் போயிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும், அப்போது நீங்கள் திரை முன்னால் இருந்திருக்கமாட்டீர்கள். விதியைச் சேமித்துவிட்டு இன்னொரு ரீபூட் போட்டுப் பாருங்கள்.

வெங்காயத்தோல்:
எச்எஸ்டிர் வரட்டும், நாலு நாள் கழித்துப் பேசலாம்.

எக்ஸிட்வாசல்:
இப்போதே போடுங்கள், இல்லாவிட்டால் அந்த நாலு நாளையும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.